கழிவிலிருந்து கலை: கண்காட்சியை எந்த வழியில் அடுக்குவது?

தூக்கியெறிந்த பொருட்களிலிருந்து பிறந்த கலைக்கு ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று முடிவானதும், எந்தெந்தப் படைப்புகளை வரவழைப்பது என்ற பேச்சுதான் குழுவில் முதலில் கிளம்பும். அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். பார்வையாளர் எந்த ஒழுங்கில் நடந்து போகப்போகிறார் என்பதுதான் முதலில் தீர வேண்டியது. அது தீர்ந்தால் படைப்புப் பட்டியல், விளக்கு, பெயரட்டை, செலவு எல்லாம் அதன் பின்னால் வரும். தீராவிட்டால், கையில் கிடைத்த படைப்புகளுக்குத் தகுந்த மாதிரி அறைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்போம்.

வழக்கமாக மேசைக்கு வரும் வழிகள் நான்கு: கலை வரலாற்றின் கால வரிசை, மூலப்பொருள் வாரியான பிரிவு, செய்தவர்களின் கதை, பார்வையாளரே செய்து பார்க்கும் பட்டறை. நான்கிலுமே நல்ல கண்காட்சி அமைக்க முடியும். ஆனால் இந்தத் தலைப்புக்கென்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது. பிக்காசோ 1942இல் ஒரு பழைய சைக்கிள் இருக்கையையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். அதன் முன் நிற்கும்போது காளையும் தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. சைக்கிள் மறைந்துபோனால் அது இன்னொரு சிற்பம், அவ்வளவுதான். காளை மறைந்துபோனால் காயலான் கடைச் சரக்கு. எந்த வழியை எடுத்தாலும், பொருளின் பழைய வாழ்க்கை கடைசி அறைவரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

கால வரிசை

இருப்பதிலேயே சுலபமான வழி இது. கதை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கூர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 முதல் டிராம் டிக்கெட்டுகளையும் கிழிந்த தாள்களையும் ஒட்டி ‘மெர்ட்ஸ்’ என்று பெயரிட்டது, லூயிஸ் நெவெல்சன் தெருவில் கிடந்த மரத்துண்டுகளைப் பெட்டிகளில் அடுக்கிக் கறுப்புப் பூசி 1958இல் ‘ஸ்கை கதீட்ரல்’ என்ற சுவரை எழுப்பியது, 1960இல் ஆர்மான் பாரிஸில் ஒரு கேலரி முழுவதையும் குப்பையால் நிரப்பி வாசலை அடைத்துவிட்டது, அடுத்த ஆண்டே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘தி ஆர்ட் ஆஃப் அசெம்பிளாஜ்’ (கிடைத்த பொருட்களைச் சேர்த்துக் கோக்கும் கலை) என்ற பெரிய கண்காட்சியை வைத்தது. இப்படியே கோடு இழுத்துக்கொண்டு இன்றுவரை வந்துவிடலாம். பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்கும் இது வசதி.

ஆனால் இந்தக் கோட்டில் சில பொத்தல்கள் உண்டு. மார்செல் துஷாம்ப் 1917இல் வைத்த சிறுநீர்க் கலத்திலிருந்துதான் எல்லோரும் கதையைத் தொடங்குவார்கள். அது கடையில் வாங்கிய புதுப்பொருள். யாரும் அதைத் தூக்கியெறியவில்லை, அதற்கு ஒரு பழைய வாழ்க்கையும் கிடையாது. ‘எதுவும் கலையாகலாம்’ என்ற வாதத்துக்கு அது சரியான தொடக்கம், கழிவைப் பற்றிய கண்காட்சிக்கு அல்ல. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் பார்வையாளர் முதல் அறையிலேயே வேறு ஒரு விவாதத்துக்குள் போய்விடுவார்.

இன்னொரு பொத்தல் பெரியது. கோடு பாரிஸிலிருந்து நியூயார்க்குக்குப் போகும், வழியில் இல்லாதவர்கள் விடுபட்டுப்போவார்கள். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் சேர்த்து 1950களின் கடைசியிலிருந்து யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு தோட்டம் எழுப்பிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் கண்டுபிடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை இரும்புக் கம்பி, ஓடு, பாட்டில் துண்டு, சிப்பி கொண்டு கோபுரங்கள் கட்டினார். அதில் உயர்ந்தது ஏறக்குறைய 30 மீட்டர். இவர்கள் எந்தக் கலை இயக்கத்துக்கும் பதில் சொல்லவில்லை. கால வரிசையில் இவர்களைச் செருகினால் ‘வெளியாட்கள்’ என்று ஒரு மூலை அறை கிடைக்கும். கழிவிலிருந்து கலை என்ற தலைப்பில் இவர்களை மூலையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூலப்பொருள் வாரியாக

மரம், உலோகம், பிளாஸ்டிக், துணியும் தாளும், கண்ணாடியும் பீங்கானும் என்று அறை பிரிப்பது இந்த வழி. கேட்டதும் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி மாதிரி தோன்றும். அந்த ஆபத்து உண்மையானதுதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் சாதகங்களை எடைபோட்டால் இது மற்ற மூன்றையும் தாண்டி நிற்கிறது என்பது என் கருத்து.

முதல் சாதகம், பொருள் தன் பழைய வாழ்க்கையைத் தானே கூட்டிக்கொண்டு வருகிறது. பெனின் நாட்டுக் கலைஞர் ரோமுவால்ட் ஹஸூமேயின் ‘லா பூஷ் து ருவா’ படைப்பை எடுத்துக்கொள்வோம். நைஜீரியாவிலிருந்து பெட்ரோல் கடத்தப் பயன்பட்ட பிளாஸ்டிக் கேன்களை வெட்டி முகமூடிகளாக்கி, அப்படி 304 முகமூடிகளை ‘புரூக்ஸ்’ என்ற அடிமைக் கப்பலின் பழைய அச்சுப்படத்தில் மனிதர்கள் அடுக்கப்பட்டிருக்கும் அதே ஒழுங்கில் தரையில் வைத்தார். கூடுதலாக எண்ணெய் கொள்ளட்டும் என்று அந்தக் கேன்களைச் சூடுகாட்டி உப்பவைப்பார்கள், சில சமயம் வெடித்தும்விடும். தாங்க முடியாத அளவு சுமத்தப்பட்டு, தேய்ந்ததும் எறியப்படுகிற கேன் எப்படி மனித முகமாகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் அறையில் இதை வைத்தால் பார்வையாளர் கேனிலிருந்து தொடங்குவார், பிறகு முகத்துக்கு வருவார், அதற்கப்புறம்தான் கப்பலுக்கு. கால வரிசையில் இதே படைப்பு ‘சமகால ஆப்பிரிக்கக் கலை’ என்ற தலைப்பின் கீழ் போய் நிற்கும், கேன் கடைசியில்தான் கண்ணில் படும்.

எல் அனட்சுய் விஷயமும் அப்படித்தான். கானாவில் பிறந்து நைஜீரியாவின் நுசுக்காவில் வேலை செய்தவர். மதுப் பாட்டில்களின் அலுமினிய மூடிகளை நசுக்கி, மடித்து, செப்புக் கம்பியால் தைத்துச் சுவரளவு விரிப்புகளாக்குகிறார். தூரத்திலிருந்து பட்டுத்துணி மாதிரி மினுமினுக்கும், கிட்டப் போனால் மதுக் கம்பெனிகளின் பெயர்கள் தெரியும். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவுக்கு மதுவைக் கொண்டுவந்து நடத்திய வணிகம் அந்த மூடிகளுக்குள் இருக்கிறது. உலோக அறைக்கு இது ஒன்றே போதும். நடைமுறை லாபமும் உண்டு: இவற்றை மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம், போக்குவரத்துச் செலவு ஒரு பளிங்குச் சிலைக்கு ஆவதில் சிறு பங்குதான். ஆனால் எப்படித் தொங்கவிடுவது என்பதை அவர் பெரும்பாலும் மாட்டுபவர்களிடமே விட்டுவிடுகிறார். அதற்குப் பொறுமையான கைகளும் தாராளமான நாட்களும் ஒதுக்க வேண்டும்.

அடுத்த சாதகத்தைக் கண்காட்சியைத் திட்டமிடும் காப்பாட்சியர்களை விட, பொருட்கள் கெடாமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்புப் பிரிவுக்காரர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தாளும் சாயத்துணியும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் தாங்காது என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். உலோகத்துக்கு வெளிச்சம் பிரச்சினையில்லை, ஈரம்தான் எதிரி. மரமோ ஈரப்பதம் ரொம்பக் குறைந்தாலும் வெடிக்கும். ரப்பர் இறுகி விரிசல் விடும், பி.வி.சி. பிசுபிசுக்கும், பாலியூரித்தேன் நுரை பொடிப்பொடியாக உதிரும், செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் வினிகர் வாடை விட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். கால வரிசையில் அடுக்கினால் இவை எல்லாம் ஒரே அறையில் கூடி, யாருக்கும் பொருந்தாத ஒரு நடுத்தர வெளிச்சமும் நடுத்தர ஈரப்பதமும்தான் மிஞ்சும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ணாடிப் பேழை. பொருள் வாரியாகப் பிரித்தால் அறைக்கு ஒரு சூழல் போதும். மங்கலான துணி அறையிலிருந்து பளிச்சென்ற உலோக அறைக்குள் நுழைகிற அனுபவமும் இலவசமாகக் கிடைக்கிறது.

இனி அந்த ஆபத்து. ‘பிளாஸ்டிக் அறை’ என்று எழுதினாலே பக்கத்தில் ஒரு கடலாமை படமும், எத்தனை டன் என்ற எண்ணும், நாம் என்ன செய்யலாம் என்ற பட்டியலும் வந்து ஒட்டிக்கொள்ளும். கல்வித் துறை கேட்கும், நன்கொடை தருபவரும் கேட்பார். அவை நுழைந்த நிமிடமே ஹஸூமேயின் முகங்கள் விழிப்புணர்வுச் சுவரொட்டிக்குப் படமாகிவிடும். நான் முதலிலேயே ஒரு விதி போட்டுவிடுவேன்: கழிவு மேலாண்மைப் புள்ளிவிவரம் எதுவும் படைப்பு இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. வேண்டுமானால் வெளித் தாழ்வாரத்தில் ஒரு சுவர் கொடுத்துவிடலாம்.

செய்தவர்களின் கதை

உணர்ச்சி அதிகம் கிடைக்கும் வழி. மியர்ல் லேடர்மன் யூக்கெல்ஸ் 1977 முதல் நியூயார்க் துப்புரவுத் துறையின் சம்பளமில்லாக் கலைஞர். 1979–80இல் அந்தத் துறையின் 8,500 தொழிலாளர்களையும் நேரில் பார்த்துக் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். பிரேசில் கலைஞர் விக் முனிஸ், ரியோ டி ஜெனிரோவுக்கு அருகே இருந்த ஜார்டிம் கிராமாச்சோ குப்பைக் கிடங்கில் பொருள் பொறுக்குபவர்களோடு சேர்ந்து, அங்கே கிடைத்தவற்றாலேயே அவர்களுடைய உருவங்களைத் தரையில் பெரிதாக அமைத்து மேலிருந்து படம் எடுத்தார். ஏலத்தில் விற்ற பணம் அவர்களுடைய சங்கத்துக்குப் போனது.

இரண்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூக்கெல்ஸ் விட்டுச்சென்றது பெரும்பாலும் புகைப்படமும் ஆவணமும், முனிஸின் படைப்பும் கடைசியில் ஒரு புகைப்பட அச்சுதான். இரவல் வாங்கச் சுலபம், சுவரில் மாட்ட இன்னும் சுலபம். ஆனால் கழிவு அறைக்குள் இல்லை. இந்த வகைப் படைப்புகளே நிறைந்தால் பார்வையாளர் படித்துக்கொண்டே நடப்பார், பொருளைப் பார்த்து நிற்க மாட்டார். அப்புறம், ஏழ்மையை அழகாகக் காட்டுவதில் இருக்கும் சங்கடம் கூடவே வரும். குப்பை பொறுக்குபவரின் முகத்தைச் சுவரளவு மாட்டிவிட்டு அவருடைய பெயரைப் பெயரட்டையில் பொடி எழுத்தில் போடுவது இன்றும் நடக்கிறது.

இந்த வழியில் ஒரு படைப்பு மட்டும் விதிவிலக்கு, அதற்காகவே ஒரு தனி அறை தருவேன். சீனக் கலைஞர் சோங் தோங் 2005இல் பெய்ஜிங்கில் தன் தாயோடு சேர்ந்து அமைத்த படைப்பு அது. பஞ்ச காலத்தைப் பார்த்த அந்தத் தாய், எதையும் எறியாமல் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்தவை பத்தாயிரத்துக்கும் மேல்: பற்பசைக் குழாய், பாட்டில் மூடி, செருப்பு, சோப்பு, துணி, பழைய வீட்டின் மரச்சட்டம். எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை, வகை பிரித்துத் தரையில் அடுக்கினார்கள், அவ்வளவுதான். கணவர் இறந்த துக்கத்திலிருந்து தாய் வெளியே வர இந்த அடுக்கும் வேலை ஒரு வழியாக இருக்கட்டும் என்பது மகனின் எண்ணம். நியூயார்க்கில் இது 2009இல் வைக்கப்பட்டபோது தாய் உயிரோடு இல்லை. எறியப்பட்டவற்றைப் பற்றிய கண்காட்சியின் நடுவில், எறிய மறுத்த ஒருவரின் அறை வருவது பார்வையாளரின் கேள்வியையே திருப்பிப்போடும். இவ்வளவு பெரிய படைப்பை எல்லோராலும் வரவழைக்க முடியாது. ஆனால் ஒரே வீட்டில் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததை, அவர் அனுமதியோடு, மாற்றாமல் அடுக்கிவைக்கும் யோசனை எந்தச் சிறிய அருங்காட்சியகத்துக்கும் எட்டும்.

பட்டறை

பட்டறையையே முதுகெலும்பாக்குவதை நான் ஆதரிக்கவில்லை. குழந்தைகள் வருவார்கள், கூட்டம் சேரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இருபது நிமிடத்தில் பாட்டிலை வெட்டிப் பூத்தொட்டி செய்து முடித்தவர், ரோடியா முப்பத்துமூன்று ஆண்டு செய்ததும் இதன் பெரிய வடிவம்தான் என்று நினைத்துக்கொண்டு போவார். பட்டறைக்காகப் புதுப் பசை, புது வண்ணம், சமயத்தில் புது ‘கழிவு’கூட வாங்குவதும் சகஜம். வழியின் கடைசியில் ஓர் அறையாக வைத்தால் போதும். அங்கேயும் செய்ய வைப்பதை விடப் பிரித்துப் பார்க்க வைப்பது நல்லது: பழுதான ஒரு கடிகாரத்தையோ தட்டச்சுப் பொறியையோ திருகு கழற்றி, பாகங்களை மேசையில் பரப்பச் சொல்லலாம். பாகம் பாகமாகப் பார்க்கும் கண் வந்தால் முந்தின அறைகள் இன்னொரு தடவை புரியும். லித்தியம் பேட்டரி, பாதரச விளக்கு, பழைய ஈய வண்ணம் பூசியவை, உள்ளே மின்தேக்கி இருக்கும் கருவிகள் ஆகியவை மட்டும் அந்த மேசைப் பக்கமே வரக் கூடாது.

இரவலா, புதிதாகச் செய்யச் சொல்வதா?

பொருள் வாரியான வழியை எடுத்துக்கொண்டால் அடுத்து வரும் தேர்வு இது. புகழ்பெற்ற படைப்பை இரவல் வாங்கினால் பெயர் கிடைக்கும், விளம்பரத்துக்கு ஒரு படம் கிடைக்கும். காப்பீடு, பெட்டி, கூடவே வரும் பணியாளர், கட்டடச் சூழல் அறிக்கை எல்லாம் அதற்கு விலை. கேட்கவே பல மாதங்கள் முன்னால் தொடங்க வேண்டும். இன்னொன்று, இந்த வகைப் படைப்புகள் பலவற்றின் உடல்நிலை மோசம். ராபர்ட் ராஷன்பெர்க் பாடம் செய்த ஆட்டின் இடுப்பில் டயரை மாட்டிய ‘மோனோகிராம்’ மாதிரியானவற்றை வைத்திருப்பவர்கள் வெளியே அனுப்பத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

புதிதாகச் செய்யச் சொல்வதில் செலவு கையில் இருக்கும், பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு முழுப் பதிவும் இருக்கும். என் அளவுகோலுக்கு அந்தப் பதிவு பெரிய விஷயம். பெயரட்டைகளில் வழக்கமாக வரும் ‘கலப்பு ஊடகம்’ என்ற இரண்டு சொல் இந்தக் கண்காட்சியில் எங்கும் இருக்கக் கூடாது. அதற்குப் பதில் ‘மீன்பிடி வலை, மிதவை, லாரி டியூப்’ என்று எழுத வேண்டும், எங்கே கிடைத்தது, யார் பொறுக்கினார் என்பதையும் சேர்த்து. பொறுக்கித் தந்தவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும், பெயரும் போட வேண்டும். கலைஞரோடு ஒப்பந்தம் போடும்போதே, கண்காட்சி முடிந்ததும் படைப்பு யாருக்கு, பிரித்தால் பாகங்கள் எங்கே போகும் என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

ஒன்று கறாராக இருக்க வேண்டும்: தெருவிலிருந்து வந்த துணி, மரம், தாள் எதுவும் நேராகச் சேமிப்பறைக்குள் போகக் கூடாது. தனியறையில் வைத்துப் பார்த்து, பூச்சி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் மூடிக் கட்டி மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள், அல்லது மைனஸ் 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் உறையவைத்துவிட்டுத்தான் உள்ளே எடுக்கலாம். ஒரு பழைய சோபாவிலிருந்து கிளம்பும் பூச்சி, பக்கத்துக் கூடத்தின் நூறாண்டுத் துணியைத் தின்றுவிடும்.

பீடமா, குவியலா?

பீடத்தில் வைத்தால் ‘இது கலை’ என்று அறிவித்தாயிற்று, பொருள் கொஞ்சம் பின்வாங்கும். குவியலாக வைத்தால் பொருள் பேசும், கலை தொலைந்துபோகலாம். டிம் நோபிலும் சூ வெப்ஸ்டரும் 1998இல் ஆறு மாதக் குப்பையைக் குவித்து, ஒரு பக்கமிருந்து விளக்கைப் பாய்ச்சி, சுவரில் தங்கள் இருவரின் நிழலுருவம் விழும்படி செய்தார்கள். குவியலும் இருக்கிறது, உருவமும் இருக்கிறது. இப்படிப்பட்ட படைப்புக்கு அறையின் விளக்குதான் பாதிப் படைப்பு. மேலிருந்து பரவலாக விழும் வெளிச்சம் கொஞ்சம் கலந்தாலும் நிழல் செத்துவிடும்.

கலை நிஜமாகவே தொலைந்துபோன கதைகள் உண்டு. 2004இல் லண்டனின் டேட் பிரிட்டனில் குஸ்தாவ் மெட்ஸ்கரின் படைப்பைச் சேர்ந்த ஒரு குப்பைப் பை வெளியே போனது. 2011இல் டார்ட்மண்டில் மார்ட்டின் கிப்பன்பெர்கரின் படைப்பிலிருந்த தொட்டியின் கறை, தேய்த்துச் சுத்தமாக்கப்பட்டது. 2015இல் இத்தாலியின் போல்சானோவில், விருந்து முடிந்த கூடத்தின் வடிவில் பாட்டில்களும் காகிதத் துகள்களும் இறைத்த ஓர் அமைப்பு, தரம் பிரித்துப் பைகளில் கட்டப்பட்டது. ஒவ்வொரு தடவையும் செய்தித்தாள்கள் தூய்மைப் பணியாளரைப் பார்த்துச் சிரித்தன. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. இரவுப் பணியாளர்களுக்குத் திறப்புக்கு முன்பே தனிச் சுற்று நடத்துவதும், தரையில் இருக்கும் ஒவ்வொன்றின் படத்தையும் அவர்கள் அறையில் ஒட்டுவதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். கழிவைப் பற்றி அந்தக் கட்டடத்தில் அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான், ஒன்றிரண்டு பெயரட்டைகளை அவர்களையே எழுதச் சொன்னாலும் தகும்.

கண்காட்சியே போடும் குப்பை

வினோதம் என்னவென்றால், இப்படி ஒரு கண்காட்சிக்கே புது எம்.டி.எஃப். (மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) சுவர்கள், வினைல் எழுத்துகள், நுரைப் பலகைகள் எல்லாம் வாங்கி, நான்கு மாதம் கழித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். முந்தைய கண்காட்சியின் சுவர்களையும் பீடங்களையும் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இங்கே பொருத்தம், பழைய ஆணித் துளைகள் தெரிந்தால் தெரியட்டும். எழுத்துகளை நேராகச் சுவரில் வண்ணத்தால் எழுதலாம். மூடிய பேழைக்குள் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: பழைய மரப்பலகையும் எம்.டி.எஃப்.பும் விடும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். அதற்குள் போகும் பொருள் எதுவானாலும் ‘ஆடி’ (Oddy) என்ற சோதனையைச் செய்துவிடுவது நல்லது. வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளோடு சேர்த்து மூடி, 60 டிகிரியில் 28 நாள் வைத்து, உலோகம் கறுக்கிறதா, அரிக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய பலகையை மறுபடி பயன்படுத்துவது என்று முடிவானால் இந்த 28 நாளைக் கால அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

பணம் குறைந்தால் எதை வெட்டுவது என்று கேட்டால், முதலில் புகழ்பெற்ற இரவல்களை வெட்டுவேன், பிறகு பட்டறையை, அதன் பிறகு ஓர் அறையை முழுதாக. கண்ணாடி, பீங்கான் அறைதான் பெரும்பாலும் போகும், அதன் சிறந்த படைப்புகள் சண்டிகரிலும் வாட்ஸிலும் மண்ணோடு இருக்கின்றன, எப்படியும் படமாகத்தான் வரப்போகின்றன. பொருள் தேடிப் பதிவுசெய்யும் ஆளின் சம்பளத்தையும், பொறுக்கியவர்களுக்கான கூலியையும் கடைசிவரை தொட மாட்டேன்.